ரூபாவுக்காகக் கேட்ட ஊசி

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சத்தியவேட்டில் முனிகிருஷ்ணன் குடியிருந்த வரிசை வீடுகளில் அவனைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி அவனைக் கஞ்சன் என்றது. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனியில் கை நிறையச் சம்பளம் வாங்குகிறவன் பிரியாணிக் கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லையே, வேறென்ன சொல்வது? இன்னொரு கட்சி அவனைச் சாமியார் என்றது. முப்பத்தொன்பது வயதாகியும் கல்யாணம் இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை சோறு தொடாமல் விரதம் இருந்து எங்கேயோ போய்விட்டு வருகிறான், வரும்போது முகம் வெளுத்துப் போயிருக்கிறது.

இரண்டு கட்சிக்கும் விஷயம் தெரியாது. அவனுக்குப் பெருங்குடலில் பாதி கிடையாது. காரமாக ஒரு வாய் சாப்பிட்டால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. விரதம் என்று அவர்கள் நினைத்தது, வேலூரில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் மிச்சக் குடலைக் கேமரா விட்டுப் பார்ப்பதற்காக வயிற்றைக் கழுவிக்கொள்வது. மயக்க மருந்து கொடுத்துத்தான் அந்தக் கேமராவை விடுவார்கள். ஆனால் மயக்க மருந்து கொடுத்தால் கூட ஓர் ஆள் வந்திருக்க வேண்டும், கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும். முனிகிருஷ்ணனுக்கு அப்படி ஆள் இல்லை. அதனால் எட்டு வருஷமாக மயக்கமில்லாமலேயே பல்லைக் கடித்துக்கொண்டு படுத்து எழுந்து, தானே நடந்து போய் பஸ் ஏறிக்கொண்டிருந்தான்.

இந்த நோய் அவன் வீட்டுக்குப் புதிதில்லை. விஜயபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் வேர்க்கடலையும் போட்ட அவன் அப்பா பாலையா, நாற்பத்தைந்து வயதில், ரத்தமாக வெளியே போய்ச் செத்தார். அது 1994. அப்போது அக்கா செல்லியம்மாவுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கிற நேரம். கேன்சர் என்று தெரிந்தால் எவன் பெண் எடுப்பான்? நெஞ்சுவலி என்று சொல்லிவிடலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா கெட்டிக்காரர். பெரியவர்களைக் கேட்காமல், பத்து வயது முனிகிருஷ்ணனை ஓரமாகக் கூப்பிட்டு, உங்க நைனாவுக்கு இன்னா ஆச்சு என்று கேட்டார். பையன் அவர் முகத்தைப் பார்த்து, நெஞ்சைப் புடிச்சிக்கினு பொட்டுன்னு போயிட்டாரு என்று சொன்னான். கல்யாணம் நடந்தது. அப்புறம் 2010இல் அண்ணன் ஏகாம்பரம் முப்பத்தாறு வயதில் அதே மாதிரிப் போனபோது, யாரும் யாரோடும் கலந்து பேசாமலேயே ஊர் முழுக்க நெஞ்சுவலி என்று சொல்லி முடித்தார்கள்.

செல்லியம்மாவின் ஒரே மகள் ரூபா. அந்தப் பக்கத்தில் அக்கா மகளுக்குத் தாய்மாமன்தான் முதல் உரிமைக்காரன். ரூபா பெரியவளானபோது பச்சை ஓலைக் குடிசை கட்டியவன் முனிகிருஷ்ணன்தான், பட்டும் பாத்திரமுமாக மாமன் சீர் கொண்டுபோய் இறக்கியவனும் அவன்தான். அன்றிலிருந்து ரூபாவை யாரும் வேறு இடத்தில் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை. ரூபாவுக்கும் அது பிடித்திருந்தது. மாமா வருகிறான் என்றால் கண்ணாடி முன்னால் கால்மணி நேரம் நிற்பாள். அவனுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் ஒரு சந்தோஷம்.

2015இல் நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். இரண்டு மாதம் இருக்கும்போது அவனுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. கம்பெனி ட்ரெயினிங் என்று அக்காவிடம் பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தான். குடலை வெட்டினார்கள். முப்பத்தொரு வயதில் வந்ததால் ரத்தத்தை மேல் பரிசோதனைக்கு அனுப்பி, இது பரம்பரையாக வருவது என்றார்கள். பாலையாவிடமிருந்து வந்திருக்கிறது, அக்காவுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவளுக்கு இருந்தால் அவள் மகளுக்கும் அப்படியே. டாக்டர் இன்னொன்றும் சொன்னார். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இரண்டு பேருக்குமே இது இருந்து, பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துவிட்டால், பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே கேன்சர் வரலாம். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணைக் கூட்டி வாருங்கள், ஒரு ரத்தப் பரிசோதனை போதும் என்றார்.

முனிகிருஷ்ணன் தலையை ஆட்டினான். எட்டு வருஷம் வெறும் தலையைத்தான் ஆட்டினான். கூட்டிப் போக வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அக்கா புருஷன் முனிசாமி மாமாவுக்குப் பழைய பொய் தெரிந்துவிடும், அக்கா வாழ்க்கை என்னவாகும் என்று பயந்தான். அக்காவுக்குப் போன் செய்து, எனக்கு ரூபா வேணாம் என்று மட்டும் சொன்னான். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் பத்து வயதில் ஒரு பொய்யைத் தலையில் வைத்து, அக்காவின் வாழ்வே உன் வாயில்தான் இருக்கிறது என்று அனுப்பினால், அவன் ஆயுசுக்கும் வாயைத் திறக்காமல்தான் இருப்பான்.

காரணத்தை அவன் சொல்லாததால் ஊர் சொல்லிற்று. கம்பெனியில் சென்னைப் பெண் ஒருத்தி என்றது, ரூபா கறுப்பு என்றது. செல்லியம்மா சத்தியவேட்டுக்கே வந்து, அவன் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். இரண்டு வருஷம் கழித்து ரூபாவை சித்தூரில், மாங்கூழ் ஆலை சூப்பர்வைசர் ஒருவனுக்குக் கொடுத்தார்கள். மாமன் இருந்தும் மாமன் சீர் இல்லாத கல்யாணம். அவனுக்குப் பத்திரிகை வரவில்லை. அன்றைக்கு அவன் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தான்.

2023 ஜூன் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ரீஜா மேடம் கூப்பிட்டார். பரம்பரை நோய்க் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிற பெண். வருஷா வருஷம் கேமரா பரிசோதனைக்குத் தேதி கொடுப்பதும் அவர்தான். அந்த எட்டு வருஷத்தில் முனிகிருஷ்ணனின் உடம்பைப் பற்றி விசாரித்த ஒரே ஆள் அவர் என்று சொன்னால் அது மிகையில்லை.

"முனிகிருஷ்ணன், ஒரு நல்ல விஷயம். உங்க நோய்க்குத் தடுப்பூசி ஒண்ணு தயாராகிட்டு இருக்கு. சோதனைக்கு ஆள் சேக்கறோம். நேர்ல வாங்க, விளக்கறேன்."

"தடுப்பூசியா? இது கிருமியில வர்ற நோய் இல்லன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"அதான் நேர்ல வாங்கன்றேன்."

போனான். அவன் கம்பெனியில் ஏசி மெஷினுக்கான செம்புக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை செய்கிறான் என்பது ஸ்ரீஜாவுக்குத் தெரியும். அதை வைத்தே விளக்கினார். உடம்பில் தினமும் புது செல்கள் தயாராகின்றன, அதில் தப்பு வந்தால் பார்த்துச் சரிசெய்கிற செக்கிங் ஆள் ஒருவன் உண்டு. இவர்கள் குடும்பத்தில் அந்த ஆள் சரியில்லை. தப்பான பீஸ்கள் சேர்ந்துகொண்டே போய்க் கட்டி ஆகிறது. ஆனால் அந்தத் தப்புகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் விழுகின்றன. ஆகவே கெட்ட பீஸ் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

"செக்கிங் ஆளை மாத்த நம்மால முடியாது. ஆனா கேட்ல நிக்கற செக்யூரிட்டி கையில கெட்ட பீஸோட போட்டோவைக் குடுத்துடலாம். அதுதான் இந்த ஊசி. கட்டி ஆகறதுக்கு முன்னாடியே உடம்பு அடையாளம் கண்டு அழிச்சிடணும். வேலை செய்யுதான்னு இன்னும் தெரியாது, அதைத் தெரிஞ்சிக்கத்தான் சோதனை."

அவன் சட்டைக் கையை மேலே சுருட்ட ஆரம்பித்துவிட்டான். ஸ்ரீஜாவின் முகம் சங்கடப்பட்டது.

"உங்களுக்கு இல்லீங்க. ஏற்கனவே கேன்சர் வந்தவங்களை இந்தச் சுற்றுல சேக்கலை. ஜீன்ல அந்தத் தப்பு இருக்கணும், நோய் வந்திருக்கக் கூடாது. உங்க அக்கா, அக்கா பொண்ணு... அவங்களுக்காகத்தான் கூப்பிட்டேன். ஆகஸ்ட் கடைசியோட லிஸ்ட் மூடிடுவாங்க."

சுருட்டிய கையை இறக்கிவிட்டுக்கொண்டான். ரூபாவுக்கு இருபத்தேழு வயது. ஏகாம்பரத்துக்கு வந்ததுபோல் வருவதாக இருந்தால் இன்னும் சில வருஷம்தான். தப்பிக்க ஒரு வழி திறந்திருக்கிறது, அதை அவளுக்குச் சொல்ல இவனைத் தவிர உலகத்தில் ஆள் கிடையாது. இதற்கு மேலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அது நல்லெண்ணம் ஆகாது, கொலை என்று அவனுக்கே தோன்றிற்று.

செல்லியம்மாவும் முனிசாமியும் திருப்பதிக்குக் குடிபோய்ப் பல வருஷம் ஆயிற்று. முனிசாமி ரேணிகுண்டா ரோட்டில் டீக்கடை வைத்திருந்தார். செல்லியம்மா யாத்ரீகர்கள் தங்கும் சத்திரம் ஒன்றில் அறைகளைத் துடைக்கும் வேலைக்குப் போனாள். வீட்டுக்குப் போனால் மாமா இருப்பார் என்று முனிகிருஷ்ணன் நேராகச் சத்திரத்துக்கே போனான். மூன்றாவது மாடியில், அறைக் கதவுகளெல்லாம் திறந்து கிடக்க, அக்கா பக்கெட்டில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"யாரு... ஓ, நீயா? இன்னா, அந்த சென்னைக்காரி தொரத்தி வுட்டுட்டாளா?"

"அக்கா, ஒரு பத்து நிமிஷம் பேசணும்."

"எட்டு வருஷமா இல்லாத பேச்சு இப்ப இன்னா? தள்ளு. ஈரத்துல கால வெக்காத."

அவன் நின்ற இடத்திலேயே சட்டையைத் தூக்கிக் காட்டினான். தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை தையல் போட்ட தழும்பு. செல்லியம்மாவின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"இன்னாடா இது?"

"நைனாவுக்கு வந்துது இல்ல, அதான். அண்ணனுக்கு வந்துதும் அதான்."

"எப்போ?"

"ரூபா நிச்சயத்துக்கு ரெண்டு மாசம் முன்ன."

அவள் மாடிப்படியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. எழுந்து வந்து ஈரக் கையாலேயே அவன் முதுகில் அடித்தாள், இரண்டு அடி, மூன்று அடி. பிறகு அதே கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"படுபாவி! ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடா கேடு ஒனக்கு? நான் மண்ண வாரித் தூத்துனனே, அப்பகூடவாடா சொல்லக் கூடாது?"

"சொன்னா மாமாவுக்குத் தெரிஞ்சிபூடும். நெஞ்சு வலின்னு சொன்னவன் நான்தானக்கா."

அந்த நேரம் பார்த்து ஒரு யாத்ரீகக் குடும்பம் படியேறி வந்து, வேடி நீள்ளு உன்னாயா என்று தெலுங்கில் சுடுதண்ணீர் கேட்டது. "ரெண்டு நிமிஷாலு ஆகண்டி," என்று செல்லியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பொறுக்கச் சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். தடுப்பூசி விஷயத்தை அவன் ஒரே மூச்சில் சொன்னான். செக்யூரிட்டி, போட்டோ எல்லாவற்றையும் சொன்னான். அவள் காதில் ரூபாவுக்கும் இருக்கலாம் என்பது மட்டும்தான் விழுந்தது.

"அவளுக்குத் தெரியவே கூடாது. அவ மாமியார் வாயில வுழுந்தா சித்தூர் பூரா நாறிடும். அப்புறம் எம் பொண்ணு எங்க வாழ்றது?"

"முதல்ல ஒன்னுத எடுத்துப் பாக்கலாம்க்கா. ஒனக்கு இல்லன்னா அவளுக்கு நம்ம வழியா வரவே வராது. ஒனக்கு இருந்தாத்தான் அவளக் கூப்புடணும்."

"அப்ப என்னுத எடுத்துக்கோ. இன்னிக்கேன்னாலும் வரேன்."

அடுத்த வாரம், மகளைப் பார்க்க சித்தூர் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அவனோடு வேலூர் பஸ் ஏறினாள். பஸ் சித்தூர் வழியாகத்தான் போயிற்று. ரூபாவின் ஊரைக் கடக்கும்போது இரண்டு பேருமே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அக்கா மடியில் ஒரு டப்பா இருந்தது. இட்லி, தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடிக்குப் பதில் சர்க்கரை. "இதுன்னா துன்னலாமாடா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். ஓர் இட்லியைப் பிட்டுச் சர்க்கரையில் தொட்டு மெதுவாகத் தின்றான்.

ரத்தம் கொடுத்து முடிவு வர ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஐந்து வாரம்தான் முனிகிருஷ்ணன் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று சொல்ல வேண்டும். முனிசாமி கடைக்குப் போனதும் அக்கா போன் செய்வாள். சாப்பிட்டியா, வயிறு எப்படிக் கீது, ராத்திரி தூக்கம் வந்துதா. எட்டு வருஷம் யாரும் கேட்காத கேள்விகள். லைனில் நின்று குழாயைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கும்போதே அவன் மனம் எங்கேயோ போய்விடும். அக்காவுக்கு இருந்தால் ரூபாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். ரூபா வருவாள். மாமா ஏன் வேண்டாம் என்றான் என்று அவளுக்குத் தெரியும். ஊசி போட ஒவ்வொரு தடவையும் அவளை இவன்தான் அழைத்துப் போக வேண்டியிருக்கும். வெளியே பெஞ்சில் அக்காவும் அவனும் உட்கார்ந்திருப்பார்கள். யோசனை அந்த இடம் வரைக்கும் போனதும் தலையை உதறிக்கொண்டு அடுத்த குழாயை எடுப்பான்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஸ்ரீஜா இருவரையும் அறைக்குள் உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இல்லைம்மா. அந்தத் தப்பு உங்ககிட்ட இல்லை. அதனால உங்க பொண்ணுக்கும் இந்த வழியில வர வாய்ப்பில்லை. டெஸ்ட்டும் வேணாம், ஊசியும் வேணாம்."

செல்லியம்மா ஏடுகொண்டலவாடா என்று ஏழுமலையானுக்குக் கை கூப்பினாள். மேஜையைத் தாண்டி ஸ்ரீஜாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். வெளியே வந்து சுவரோடு சாய்ந்து சிரித்தாள், அழுதாள். ரூபாவுக்குப் போன் போட்டு, குழந்தை சாப்பிட்டதா என்று மட்டும் கேட்டாள். முனிகிருஷ்ணனிடம் ஸ்ரீஜா ஒரு கையெழுத்து வாங்கினார். அவன் வயிற்றிலிருந்து வெட்டிய கட்டியை மெழுகில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். ஊசி காட்டிக்கொடுக்கிற அடையாளங்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கலாமா என்று அனுமதி கேட்டார். தாராளமா பாருங்க மேடம் என்று போட்டுக் கொடுத்தான்.

வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரும்வரை அக்கா பேசிக்கொண்டே வந்தாள். பிறகு திடீரென்று நின்றாள்.

"அப்போ... ரூபாவுக்கு இல்லன்னா... அன்னிக்கே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்திருந்தா..."

முடிக்கவில்லை. அவனும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. சித்தூர் போகும் பஸ் வந்து நின்றது.

"அக்கா, நானும் சித்தூர் வரட்டா? ரூபாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துட்றேன். நான் ஏன் வேணாம்னேன்னு அவளுக்கு மட்டும்."

செல்லியம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சொல்வதற்கு அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"வேணாண்டா நைனா. அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே. இனிமே சொல்லி இன்னா ஆவப்போவுது? ஒன்னத் திட்டிக்கினாவது எம் பொண்ணு நல்லா கீறா. அது அப்படியே இருந்துட்டுப் போவட்டும். நீயும் போன் பண்ணாத, மாமா பாத்தா இன்னான்னு சொல்றது? நானே எப்பனா பண்றேன்."

"சரிக்கா," என்றான் முனிகிருஷ்ணன். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் ஏறி உட்கார்ந்தாள். உடம்பைப் பாத்துக்கோ என்று ஜன்னல் வழியே கையைக் காட்டினாள். பஸ் பின்னால் நகர்ந்து திரும்பி வெளியே போயிற்று. முனிகிருஷ்ணன் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். ரூபா பிழைத்தாள், அக்கா பிழைத்தாள், மனம் குளிர வேண்டிய நாள். ஆனால் அவனை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஸ்ரீஜா இல்லைம்மா என்று சொன்ன நொடியில், சந்தோஷம் வருவதற்கு ஒரு கணம் முன்னால், அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. அக்காவுக்கும் இருந்திருக்கலாமே என்று மனம் ஒரு தடவை சொல்லிவிட்டது. பெற்ற தாய் மாதிரி இட்லி கட்டிக்கொண்டு வந்தவளுக்கு அந்த நோய் இருந்திருக்கலாமே என்று. அதை நினைக்க நினைக்க அவனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசிற்று. யாரிடமாவது சொல்லி அழுதால் தேவலை போலிருந்தது. சொல்வதற்கு அவனுக்கு இருந்த ஒரே ஆள் அந்தப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.